கொடிமர நகரின் குடிநீர்க் காடு

பிறந்த ஊரைவிட்டு வந்து பெருநகரங்களில் வாழ்பவர்களுக்கு, தாம் குடிக்கும் நீர் எந்த மலையில் பிறந்தது என்று எண்ணிப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை. சொந்த ஊரில் ஆறு தெரியும், ஏரி தெரியும், எந்தக் கண்மாய் எந்த மழைக்கு நிரம்பும் என்பதும் தெரியும். குடியேறிய ஊரில் குழாய் ஒன்றுதான் தெரியும். மும்பையில் வாழும் தமிழர் குடிக்கும் நீர் தான்சா, வைதரணா ஏரிகளைச் சூழ்ந்த காடுகளிலிருந்து வருகிறது. பெங்களூரில் வாழ்பவர் குடிப்பது குடகு மலையில் தோன்றும் காவிரி. நீர்த்தேக்கத்தை அணையும் மதகும் காக்கின்றன என்று நாம் நினைக்கிறோம். அணைக்கு மேலே, நம் கண்ணில் படாத தொலைவில் நிற்கும் காட்டுக்கு அந்தக் காவலில் பெரும்பங்கு உண்டு. அந்தக் காட்டைக் காப்பது எப்படி என்னும் வினாவுக்கு ஒரு நகரம் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் இரண்டு நேர்மாறான விடைகளைக் கண்டது. முதல் விடை, தீயை அறவே விலக்குதல். இரண்டாம் விடை, தீயைத் தன் கையாலேயே மூட்டுதல். அந்த நகரின் வரலாற்றையே இப்பேச்சில் கூற விழைகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள அரிசோனா மாநிலம் என்றதும் கள்ளிச் செடிகளும் மணல்வெளியும் நம் நினைவுக்கு வரும். அம்மாநிலத்தின் வடபகுதி அத்தகையதன்று. அங்கே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் பரந்த மேட்டுநிலம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். பாண்டெரோசா பைன் என்னும் ஊசியிலை மரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். பழைய எரிமலையொன்றின் எச்சமாகிய சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் அந்த மேட்டுநிலத்திலிருந்து 12,600 அடிக்கு எழுந்து நிற்கின்றன. ஹோபி, நவஹோ முதலிய தொல்குடி மக்கள் அச்சிகரங்களைத் தெய்வத் தன்மை உடையனவாகப் போற்றுகின்றனர். சிகரங்களின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஃபிளாக்ஸ்டாஃப். அச்சொல்லுக்குக் கொடிமரம் என்பதே பொருள். 1876ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலையின் நூறாம் ஆண்டு நிறைவன்று, அவ்வழி வந்த குடியேறிகள் ஒரு நெடிய பைன் மரத்தின் கிளைகளைக் கழித்து அதில் நாட்டுக் கொடியை ஏற்றினர் என்றும், அதனாலேயே ஊருக்கு அப்பெயர் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அந்த ஆண்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். காட்டின் கதையிலும் அது மீண்டும் வரும்.

இன்று முக்கால் லட்சம் பேர் வாழும் அந்நகருக்கு அருகே பெரிய ஆறு எதுவும் இல்லை. ஆழ்துளைக் கிணறுகள், சிகரங்களின் நடுவே உள்ள பள்ளத்தாக்கின் ஊற்றுகள், நகரின் தென்கிழக்கே உள்ள மேரி ஏரி ஆகிய மூன்றையே குடிநீருக்கு அது நம்பி வந்திருக்கிறது. மேரி ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரியர்டன் என்னும் மரவணிகக் குடும்பத்தார் பள்ளத்தாக்கொன்றில் அணையிட்டு நீரைத் தேக்கி, தம் குலப் பெண்ணொருத்தியின் பெயரை அதற்கு இட்டனர். 1941இல் அதற்கு மேலே மற்றோர் அணை எழுந்தது. நகருக்கு நீர் தருவது இந்த மேல் ஏரிதான். காட்டை வெட்டிப் பொருள் ஈட்டிய குடும்பத்துப் பெண்ணின் பெயரால் வழங்கும் நீரைக் காடுதான் காத்து நிற்கிறது! அந்த ஏரிக்கு நீர் வடியும் சரிவுகளுள் மார்மன் மலை முதன்மையானது. நகரின் வடபால் டிரை லேக் குன்றுகள் என்பவை உள்ளன. அவற்றில் பெய்யும் மழை நகரின் தெருக்களினூடே ஓடும் ஓடைகளில் இறங்குகிறது. மார்மன் மலை, டிரை லேக் குன்றுகள் என்னும் இவ்விரு பெயர்களும் பின்னர் வரும்.

1857இல் எட்வர்டு பீல் என்பவர் அரசின் ஆணைப்படி வண்டிப்பாதை அமைக்க இவ்வழியே வந்தார். பாரம் சுமக்க அவர் அழைத்து வந்தவை ஒட்டகங்கள்! பைன் மரக் காட்டில் ஒட்டகங்கள் வரிசையாய் நடந்து சென்ற காட்சியைக் கண்ட தொல்குடியினர் என்ன நினைத்திருப்பர் என்று எண்ணும்போது நகை எழுகிறது. அது நிற்க. அவரைப் போன்ற பழைய பயணிகளின் குறிப்புகளிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அன்றைய காடு நாம் காடு என்றவுடன் கற்பனை செய்வது போன்ற இருண்ட அடர்வனம் அன்று. பருத்து முதிர்ந்த மரங்கள் ஒன்றுக்கொன்று விலகி, நம் ஊர் இலுப்பைத் தோப்பைப் போல நின்றன. இடையே முழங்கால் உயரப் புல். வண்டி தடையின்றி ஓடலாம்.

அந்தத் தோப்பைத் தோப்பாக வைத்திருந்தது தீ. ஒவ்வோராண்டும் கோடை முடியும் தறுவாயில், மழைக்கு முன்பே இடியும் மின்னலும் வந்துவிடும். மின்னல் விழுந்த இடத்தில் காய்ந்த புல்லும் சருகும் பற்றிக்கொள்ளும். அத்தீ உயரே எழாது. முழங்கால் அளவுக்கு நின்று, தரையோடு தரையாகப் பல நாள் தவழ்ந்து செல்லும். முதிர்ந்த பைன் மரத்தின் பட்டை மிகத் தடிப்பானது, கீழ்க்கிளைகளும் அதற்கு இரா. ஆகவே பெரிய மரம் தாங்கும். நெருக்கமாக முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை மடியும். சில மரங்களில் மட்டும் அடிப்பட்டை வெந்து வடு விழும், அதன்மேல் புதுப்பட்டை வளரும். வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணினால் எந்த ஆண்டில் வடு விழுந்தது என்று பிழையின்றிச் சொல்லிவிடலாம். கல்வெட்டுப் படிக்கும் அறிஞரைப் போல இந்த வடுக்களைப் படிக்கும் அறிஞர்கள் அந்நாட்டில் உளர். ஃபிளாக்ஸ்டாஃபை அடுத்த காடுகளில் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ சென்றிருப்பதை அவர்கள் கண்டனர். நகருக்கு வடமேற்கே உள்ள ஃபோர்ட் வேலி என்னுமிடத்தில் அவர்கள் கண்ட கடைசி வடுவின் ஆண்டு 1876. கொடி ஏறிய அதே ஆண்டு!

தீ ஏன் நின்றது? அரசு ஆணையிட்டதனால் அன்று. அப்போது அங்கே ஆணையிட அரசின் காட்டதிகாரி ஒருவரும் இல்லை. நின்றதற்குக் காரணம் ஆடு. குடியேறிகளோடு ஆயிரக்கணக்கான செம்மறி ஆடுகளும் மாடுகளும் வந்தன. 1882இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்ததும் அவற்றின் தொகை மேலும் பெருகிற்று. புல்லை அவை தரை தெரிய மேய்ந்துவிட்டன. புல் இல்லாத தரையில் தீ எப்படித் தவழும்? அதே இருப்புப்பாதையோடு மரமறுக்கும் ஆலைகளும் வந்தன. பருத்த மரங்கள் தண்டவாளக் கட்டைகளாகவும் வீட்டுத் தூண்களாகவும் போயின. சில ஆண்டுகளில் மரவணிகர்களுக்கே ஓர் அச்சம் பிறந்தது. வெட்டிய இடத்தில் புதிய கன்று முளைக்கவில்லையே, நாளை எதை வெட்டுவது என்று கவலையுற்றனர்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் இக்கதையில் சிறு பங்கு வருகிறது. இந்தியாவின் முதல் காட்டுத்துறைத் தலைவராக 1864இல் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் செருமானியர் ஓய்வு பெற்றுத் தம் நாடு திரும்பியிருந்தபோது, 1889இல், கிஃப்போர்டு பின்ஷோ என்னும் அமெரிக்க இளைஞர் அவரைத் தேடிச் சென்று காட்டியல் கற்க வழி கேட்டார். பிராண்டிஸ் அவருக்கு ஆசானும் வழிகாட்டியும் ஆனார். அந்த இளைஞரே 1905இல் அமெரிக்கக் காட்டுத்துறையின் முதல் தலைவராக விளங்கினார். பிராண்டிஸின் காலத்தில் இந்தியக் காட்டுத்துறை பெருமையோடு சொல்லிக்கொண்ட சாதனைகளுள் ஒன்று தீத்தடுப்பு. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள போரிக் காட்டில் 1860களில் கர்னல் பியர்சன் என்பவர் தீயைத் தடுத்து நிறுத்திக் காட்டினார். காடு என்றால் பயிர், தீ என்றால் பகை என்னும் கொள்கை அவ்வாறு வலுப்பெற்றது.

ஆனால் இந்தக் கொள்கைக்கு இங்கேயே ஒரு மறுபக்கமும் தோன்றியது. தீயை விலக்கிய பர்மாவின் ஈரமான தேக்குக் காடுகளில் மூங்கிலும் புதரும் மண்டி, தேக்கங்கன்று தலைதூக்க இடமின்றிப் போயிற்று. காட்டதிகாரிகள் தங்களுக்குள்ளே கடுமையாக வாதிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்கே பல காடுகளில் தீத்தடுப்புக் கைவிடப்பட்டது. கோடை முற்றுமுன் சருகை இலேசாக எரித்துவிடும் வழக்கமும் ஏற்கப்பட்டது. மலைவாழ் மக்களுக்கு அது புதிய செய்தி அன்று. ஏட்டில் ஏறியதுதான் புதிது. இந்தியாவின் பாடத்தில் முன்பாதியே அமெரிக்கா சென்று சேர்ந்தது, பின்பாதி சேரவில்லை என்பது என் கருத்து. அங்கேயும் கலிஃபோர்னியாவில் இலேசாக எரிப்பதே நல்லது என்று சொன்னவர்கள் இருந்தனர். அவர்களுடைய முறையைப் 'பையூட் காட்டியல்' என்று, ஒரு தொல்குடியின் பெயரை வைத்தே எள்ளி நகையாடினர். அறிவு யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்து அதை ஏற்பதும் தள்ளுவதும் எல்லா நாட்டிலும் உள்ள குறையே.

1908இல், மரவணிகர்களின் கவலைக்கு விடை காணுமாறு, ஃபோர்ட் வேலியில் அமெரிக்காவின் முதல் காட்டியல் ஆய்வு நிலையம் நிறுவப்பெற்றது. அதன் பொறுப்பாளர் கஸ் பியர்சன் என்னும் இளைஞர். முன்னே சொன்ன கர்னல் வேறு, இவர் வேறு. பைன் கன்று ஏன் முளைக்கவில்லை என்பதை இவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நல்ல விதை விளைவும் ஈரமான வேனிலும் ஒருங்கே அமைய வேண்டும், கன்றை ஆடும் தீயும் அணுகாதிருக்க வேண்டும் என்று கண்டார். 1918இல் விதை அபரிமிதமாக விளைந்தது. 1919இன் வேனிலில் மழை தவறாமல் பெய்தது. காடெங்கும் நாற்றங்காலைப் போலக் கன்றுகள் முளைத்தன. பியர்சனும் அவருடைய தோழர்களும் அடைந்த மகிழ்ச்சியை நம்மால் உணர முடிகிறது. அக்கன்றுகளைக் கண்ணின் மணியெனக் காத்தனர். ஒரு தீப்பொறியும் அண்டவில்லை.

நாடு முழுவதிலும் அப்போது அதே மனநிலைதான். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டில் வடமேற்கு மாநிலங்களில் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்து, தீயணைக்கச் சென்ற பலர் மாண்டிருந்தனர். அந்த வடு காட்டுத்துறையின் நெஞ்சில் ஆறவே இல்லை. 1935இல் ஒரு விதி பிறந்தது. எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அதை அடக்கிவிட வேண்டும். 1944இல் தொப்பியணிந்த கரடியொன்றின் படம் சுவர்தோறும் ஏறி, காட்டுத்தீயைத் தடுப்பது உன் கடமை என்று குழந்தைகளுக்கும் போதித்தது. இதற்கிடையே 1943இல் ஹெரால்டு வீவர் என்னும் காட்டதிகாரி, பாண்டெரோசா காட்டுக்குத் தீ பகையன்று, துணையே என்று ஒரு கட்டுரை எழுதினார். தொல்குடியினர் நலத்துறையில் பணியாற்றியவர் அவர். அரிசோனாவின் கிழக்கே அப்பாச்சி மக்களின் நிலத்தில் எரித்துக் காட்டவும் செய்தார். அவருடைய சொல் அம்பலம் ஏற மேலும் பல ஆண்டுகள் ஆயின.

நம் உழவர்கள் கேழ்வரகோ கம்போ விதைத்தால், நெருங்கி முளைத்த பயிரைக் கலைத்துவிடுவார்கள். கலைக்காவிட்டால் ஒன்றும் தேறாது என்பது அவர்களுக்குத் தெரியும். 1919இல் முளைத்த பைன் நாற்றைக் கலைக்க ஆளில்லை. அந்த வேலையைச் செய்துவந்த தீயையும் துரத்தியாகிவிட்டது. ஃபோர்ட் வேலியில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஒரு சிறு காட்டில், 1876இல் ஏக்கருக்குச் சுமார் 23 மரங்கள் நின்றன என்றும், 1990களில் அதே ஏக்கரில் 1,200க்கு மேற்பட்ட மரங்கள் நின்றன என்றும் வாலஸ் கவிங்டன் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் கணக்கிட்டனர். கைப்பருமன் உள்ள குச்சி மரங்கள், ஒன்றையொன்று நெருக்கி, வெயிலுக்கும் நீருக்கும் ஏங்கி நின்றன. அவற்றின் நிழலில் புல் செத்தது. தரையில் ஊசிச் சருகு மெத்தை போல் குவிந்தது. இத்தகைய காட்டில் தீ விழுந்தால் அது தரையில் தவழ்வதில்லை. குச்சி மரங்களையே ஏணியாகப் பற்றி உச்சிக்கு ஏறி, உச்சிக்கு உச்சி தாவி ஓடும். நூறு தரைத் தீக்களைத் தாங்கி வாழ்ந்த முதுமரமும் அந்த ஒரு தீயில் கரிக்கட்டையாகும்.

பியர்சனைக் குறைகூறுவது இன்று எளிது. அவர் அழிக்க நினைத்தவர் அல்லர், வளர்க்க நினைத்தவர். பெரும்பிழைகளில் பல அன்பினால் விளைபவை.

காடு எரிந்தால் நீருக்கு என்ன கேடு? மழை பெய்தால் மீண்டும் நிரம்பாதா என்று கேட்கலாம். நல்ல காட்டின் தரை கடற்பஞ்சு போன்றது. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடும். கொடுந்தீயில் சருகு மெத்தை முழுதும் எரியும்போது அதிலிருந்து எழும் மெழுகு போன்ற ஆவி மண்ணுக்குள் இறங்கிப் படிந்து, நீரை ஏற்காத ஒரு படலத்தை உண்டாக்கும். பிறகு பெய்யும் மழை ஓட்டுக்கூரையில் பெய்வது போல வழிந்து ஓடும். சாம்பல், கரி, மண், பாறை, எரிந்த மரம் ஆகிய அனைத்தையும் வாரிக்கொண்டு ஏரிக்குள் இறங்கும். ஏரியின் கொள்ளளவு குறையும். நீரின் நிறமும் நாற்றமும் மாறும். சுத்திகரிப்பு நிலையம் திணறும். அரிசோனாவில் இக்கேடு இருமடங்காவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அங்கேயும் ஒரு பருவமழை இருக்கிறது. அதை அவர்களும் நம்மைப் போலவே 'மான்சூன்' என்றே வழங்குகிறார்கள். மேயும் சூனும் தீயின் மாதங்கள், சூலையும் ஆகஸ்டும் மழையின் மாதங்கள். வெந்த புண் ஆறுமுன் வெள்ளம் வந்துவிடும்.

இதை அந்நகரத்தார் ஏட்டில் படித்து அறியவில்லை. 2010ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், யாரோ அணைக்காமல் விட்டுச்சென்ற அடுப்புத் தீயிலிருந்து ஷுல்ட்ஸ் என்னும் கணவாயின் அருகே காடு பற்றிற்று. சிகரங்களின் கீழ்ச்சரிவில் 15,000 ஏக்கர் எரிந்தது. வீடு ஒன்றும் எரியாமல் தப்பியதை எண்ணி மக்கள் பெருமூச்சு விட்டனர். சரியாக ஒரு மாதம் கழித்து, சூலை 20ஆம் நாள், எரிந்த சரிவின்மீது மழை கொட்டியது. கறுத்த வெள்ளம் கீழேயிருந்த குடியிருப்புகளில் பாய்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அது அடித்துச் சென்றது. அக்குழந்தை பிழைக்கவில்லை. சிகரங்களின் நடுவேயிருந்து நகருக்கு ஊற்றுநீர் கொணரும் குழாய்ப்பாதையும் சிதைந்தது. எரிந்த பகுதியின் நீர் பெரும்பாலும் நகருக்கு வெளியே வடிந்ததனால் இவ்வளவோடு போயிற்று. இதே தீ டிரை லேக் குன்றுகளில் பற்றியிருந்தால், அல்லது மேரி ஏரிக்கு மேலே மார்மன் மலையில் பற்றியிருந்தால்? நகரத்தார் உறங்காமல் கேட்ட கேள்வி இதுதான்.

2012 நவம்பரில் நகராட்சி மக்களிடம் ஒரு வினாவை வைத்தது. ஒரு கோடி டாலர் கடன் பத்திரம் எழுப்பி, இவ்விரு மலைகளிலும் காட்டின் நெருக்கத்தைக் குறைக்கலாமா? மலைகளோ பெரும்பாலும் நடுவணரசின் உடைமை. கடனை அடைக்க வேண்டியதோ நகரத்தாரின் வரிப்பணம். பிறர் நிலத்தில் உள்ள மரத்தை வெட்ட நாம் ஏன் பணம் தரவேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தால் அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் வாக்களித்தோரில் நூற்றுக்கு 74 பேர் ஆம் என்றனர். அணையைக் காப்பது போலவே அணைக்கு மேலுள்ள காட்டையும் காப்பது ஊரின் செலவு என்று ஓர் ஊர் வாக்குச்சீட்டில் எழுதிக்கொடுத்தது அந்நாட்டுக்கே புதுமை.

பணம் கிடைத்தவுடன் கோடரி எடுத்துவிட முடியவில்லை. அச்சரிவுகளில் ஒருவகைப் புள்ளி ஆந்தை வாழ்கிறது. சட்டத்தின் காப்புப் பெற்ற அப்பறவை அடர்ந்த நிழலையே விரும்பும். அதன் கூட்டைச் சுற்றி எவ்வளவு வெட்டலாம், எந்த மாதத்தில் வெட்டக்கூடாது என்றெல்லாம் ஆராய்ந்து முடிக்கவே ஆண்டுகள் ஆயின. சரிவு செங்குத்தானது. சாதாரண வண்டி ஏறாத இடங்களுக்கெனத் தனிப்பட்ட பொறிகளும் முறைகளும் வேண்டியிருந்தன. வெட்டிய குச்சி மரங்களை விற்றுச் செலவை ஈடுசெய்யலாமே என்றால், அவற்றைக் கொள்வாரில்லை. ஒரு காலத்தில் பருத்த மரங்களை வெட்டிப் பெரும்பொருள் ஈட்டிய காட்டில், இன்று மெலிந்த மரங்களை வெட்டப் பொருள் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெட்டுவதன் முறை இது: முதுமரங்களை விட்டுவிட்டு, இளமரங்களில் பெரும்பகுதியைக் களைந்து, ஆங்காங்கே புல்வெளி தோன்ற இடைவெளி விட்டு, கழிக்கப்பட்ட கிளைகளை அம்பாரமாகக் குவித்து வைக்கிறார்கள். குளிர்காலத்தில் தரையெல்லாம் பனி மூடியிருக்கும்போது அந்தக் குவியல்களைக் கொளுத்துகிறார்கள்.

இத்தோடு வேலை முடிந்துவிடாது. சருகு ஒவ்வோராண்டும் விழும், கன்று மீண்டும் முளைக்கும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு செல்லும் தீயை மூட்டவேண்டும். மழைக்காலம் ஓய்ந்த இலையுதிர் காலமே இதற்குப் பெரிதும் ஏற்றது. காற்றின் வேகம், காற்றிலுள்ள ஈரம், சருகின் ஈரம், புகை செல்லும் திசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை வகுத்த திட்டம் முன்பே எழுதப்பெறும். அன்று காலை எல்லாம் எல்லைக்குள் இருந்தால் ஒரு மூலையில் சிறிது மூட்டிப் பார்ப்பார்கள். அது அடங்கி எரிந்தால், எண்ணெய் சொட்டும் தீப்பந்தக் கலங்களை ஏந்திய ஆட்கள் சரிவின் உச்சியிலிருந்து தொடங்கி, தீ காற்றை எதிர்த்துக் கீழ்நோக்கி மெல்ல இறங்கும்படி வரிசையாக மூட்டிச் செல்வார்கள். கீழிருந்து மூட்டினால் அது மேலே பாய்ந்தோடும். பிறகு பல நாள் காவல். இரவில் புகை பள்ளத்தில் இறங்கி நகரின்மீது படியும். இழுப்பு நோய் உள்ளவர்கள் கதவை அடைத்துக்கொண்டு இருமுவார்கள். அவர்களுடைய குறையும் உண்மையானதே. குடிநீரைக் காக்க மூச்சுக்காற்றைச் சில நாள் கெடுக்க வேண்டியிருக்கிறது.

2019 சூலை 21ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். டிரை லேக் குன்றுகளில் இதே திட்டத்தின்கீழ் வேலை செய்துகொண்டிருந்த கனரக மண்வாரி இயந்திரம் ஒன்று பாறையில் உரசியது. அதிலிருந்து பறந்த சூடான துணுக்கு சருகில் விழுந்து கனன்று, காட்டைப் பற்றவைத்தது. காடு எரியாமல் காக்க வந்த பொறியே காட்டை எரித்தது! அருகிலிருந்த அருங்காட்சியகத்தை ஒட்டி 'மியூசியம் தீ' என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 1,960 ஏக்கர் எரிந்தது. 2019, 2020 ஆகிய ஈராண்டுகளிலும் பருவமழை பொய்த்தது. 2021 சூலையில் அது பிடித்துக்கொண்டது. எரிந்த குன்றின் வெள்ளம் நகரின் தெருக்களுக்குள்ளேயே பாய்ந்தது. வீட்டு வாயில்களில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டு மக்கள் ஒவ்வொரு பிற்பகலும் வானத்தைப் பார்த்து நின்றனர். திட்டத்துக்கு வாக்களித்தவர்களுள் சிலர் வீட்டிலும் சேறு புகுந்திருக்கும். வேலை இன்னும் சில ஆண்டுகள் முன்பே தொடங்கி முடிந்திருந்தால் ஒரு துணுக்கினால் இவ்வளவு காடு எரிந்திருக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. வேலையே தொடங்காதிருந்தால் துணுக்கே விழுந்திராது என்று கேட்டவர்களும் உண்டு.

அரிசோனாவுக்குக் கிழக்கே அடுத்த மாநிலம் நியூ மெக்சிகோ. அங்கே லாஸ் வேகாஸ் என்று ஒரு சிற்றூர் உண்டு. சூதாட்டத்துக்குப் பேர்போன நகரம் அன்று, அதன் பெயர் கொண்ட வேறோர் ஊர். கல்யீனாஸ் என்னும் சிறிய ஆறே அதன் குடிநீர். அவ்வாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பெருந்தீயிலிருந்து காக்க, 2022 ஏப்ரல் 6ஆம் நாள் காட்டுத்துறையினர் திட்டமிட்ட தீ ஒன்றை மூட்டினர். நிலம் அவர்கள் கணித்ததைவிட உலர்ந்து கிடந்தது. காற்று திசைமாறி வீச, தீ கோட்டைக் கடந்தது. சனவரியில் பனிக்கிடையே கொளுத்திய கிளைக் குவியல் ஒன்று மூன்று மாதம் மண்ணுக்குள் கனன்றிருந்து, அதே ஏப்ரலில் வேறொரு பக்கம் வெளிப்பட்டது. இரண்டும் கலந்து 3,41,000 ஏக்கரை எரித்தன. அம்மாநில வரலாற்றில் அதுவே மிகப் பெரிய தீ. பல தலைமுறையாக அம்மலைகளில் வாழ்ந்த சிறு குடியானவர்களின் வீடுகளும் மேய்ச்சல் நிலங்களும் போயின. பின்வந்த மழையில் ஆறு சாம்பற் குழம்பாய் ஓடியது. ஊரின் கையிருப்பு நீர் ஒரு மாதத்துக்கும் போதாது என்னும் நிலை வந்தது. எந்த நீரைக் காக்கத் தீ மூட்டினார்களோ அந்த நீரே கெட்டது. நாடு முழுவதும் திட்டமிட்ட தீயை 90 நாள் நிறுத்திவைக்கக் காட்டுத்துறைத் தலைவர் ஆணையிட்டார். நடுவணரசு பொறுப்பை ஏற்று, இழப்பீட்டுக்கென முதலில் 250 கோடி டாலரும், 2022 முடிவதற்குள் சேர்த்து மொத்தம் 395 கோடி டாலரும் ஒதுக்கியது.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,500 திட்டமிட்ட தீக்களை மூட்டுவதாகவும், அவற்றுள் கைமீறுபவை ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவு என்றும் அத்துறை அப்போது கூறியது. கணக்கு பொய்யன்று. ஆனால் வீடிழந்தவனிடம் அந்தக் கணக்கைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? தீயை மூட்டாதிருந்தால் ஒருநாள் அந்தக் காடு தானே எரிந்திருக்கும் என்பதும் உண்மையாக இருக்கலாம். இயற்கையாய் வந்த தீயை மக்கள் விதி என்று பொறுத்துக்கொள்வர், மனிதன் மூட்டிய தீக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்பர். மூட்டாமல் விட்ட குற்றத்துக்கு இதுவரை எவரும் கூண்டில் ஏறியதில்லை. காட்டதிகாரிகள் பலர் நூறாண்டுகளாகத் தயங்கி நின்றதற்கு அறியாமை மட்டும் காரணம் அன்று, இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஃபிளாக்ஸ்டாஃபுக்கே திரும்புவோம். 2022 சூனில் சிகரங்களின்மீது மீண்டும் ஒரு தீ ஓடி 26,000 ஏக்கரைத் தீண்டியது. அடுத்த மழையில், 2010இல் சிதைந்து பழுதுபார்க்கப்பட்ட ஊற்றுநீர்க் குழாய்ப்பாதை மறுபடியும் உடைந்தது. சிகரத்து நீர் தடைப்பட்ட பின், மார்மன் மலையின் கீழ் உள்ள மேரி ஏரியின் அருமை நகரத்தாருக்கு இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

ஃபோர்ட் வேலிக் காட்டில் 1976இன் இலையுதிர் காலத்தில், அதாவது கடைசி வடு விழுந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, ஆய்வாளர்கள் முதன்முதலாகத் தீயைத் திரும்ப அழைத்தனர். சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்தியை ஆண்டுதோறும், மற்றொன்றை ஈராண்டுக்கு ஒருமுறை, வேறொன்றைப் பத்தாண்டுக்கு ஒருமுறை என எரித்துப் பார்த்தனர். தொடக்கத்தில் அவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. உச்சியைத் தொடாத மெல்லிய தீதான். ஆயினும் நூற்றாண்டுச் சருகு அடியில் நாள்கணக்கில் கனன்று வேர்களைச் சுட்டதனால், சில முதுமரங்கள் அடுத்த சில ஆண்டுகளில் பட்டுப்போயின. அதன்பின் ஒரு சிறு வேலை சேர்ந்துகொண்டது. அங்கே 1990களில் நடந்த ஆய்வில், தீ மூட்டுமுன் ஆட்கள் வாருகோலோடு காட்டுக்குள் சென்று, ஒவ்வொரு முதுமரத்தின் அடியிலும் மண்டிய சருகைக் கையால் வாரி அகற்றி, வெறுந்தரை தெரியச் செய்துவிட்டுத்தான் பந்தத்தைக் கையில் எடுத்தார்கள்.